பெருச்சாளியும் என் வீட்டுக்காரர் காலும்

என் வீட்டுக்காரர் பெயர் கலியாணசுந்தரம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள்! அறுபத்தெட்டாம் வருஷத்துப் பிள்ளையார் சதுர்த்தி வரைக்கும் இந்தப் பெயர் என் வாயில் வந்ததே கிடையாது. ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவர் "ஊட்டுக்காரர் பேரு இன்னாமா?" என்று கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னவள் நான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சின்ன வயசிலேயே பயமுறுத்தி வைத்திருந்தாள். அப்படிப்பட்ட நான் அந்தப் பெயரைத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். ஏன் கத்தினேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பாவடித் தெருவுக்கென்று ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. கோயில் சின்னதுதான். ஆனால் அந்தப் பெருச்சாளி வாகனம் இருக்கிறதே, அது சின்னது இல்லை. பெருச்சாளிதானே என்று சிரிக்காதீர்கள். முழு இலுப்பை மரத்தில் செய்து, வயிற்றுக்கடியில் இரும்புப் பட்டை அடித்தது. அதன்மேல் பிள்ளையார், அவர்மேல் ஆளுயர மாலை. இத்தனையையும் இரண்டு நீளமான தண்டுகளில் வைத்துக் கட்டி, முன்னால் ஆறு பேர், பின்னால் ஆறு பேர் தூக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் எங்கள் தெரு நெசவுக்காரர்கள்.

முன்பக்கம் வலது தண்டின் நுனியில் நிற்கிறவருக்கு எங்கள் தெருவில் தலைத்தோள் என்று பெயர். தண்டுக்கடியில் எல்லாரும் குந்தியிருப்பார்கள். அவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். அவர் நடந்தால்தான் மற்றவர்கள் நடக்கலாம். ஒருதரம் தூக்கிவிட்டால் தெருவைச் சுற்றிக் கோயில் வாசலுக்குத் திரும்பும் வரை வாகனம் தரையில் படக் கூடாது. தலைத்தோளுக்குப் பிள்ளையார் கழுத்து மாலையில் ஒன்று முதலில் வரும். மாலைக்காக யாரும் உயிரை விடுவதில்லை. அந்த இடத்தில் நிற்கிற மவுசு இருக்கிறதே, அதற்காக விடுவார்கள்.

அந்த இடம் எங்கள் வீட்டுடையது. என் மாமனார் வீராசாமி தன் கல்யாணத்துக்கு முந்தியே அங்கே நின்றவர். அறுபத்தேழாம் வருஷம், ஊர்வலம் பாதி வந்திருக்கும்போது, தெரு முனையில் அவர் முழங்கால் மளுக்கென்று மடங்கிவிட்டது. பின்னாலிருந்த வேணுகோபால் பாய்ந்து வந்து தண்டைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். வாகனம் தரையில் படவில்லை. மாமனார்தான் தரையில் உட்கார்ந்திருந்தார், சகதியில், வேட்டி அவிழ்ந்து. யாரோ ஒரு பொடிசு சிரித்தது. அவ்வளவுதான், அன்றைக்கு வீட்டுக்குள் போனவர் மறுபடி தெருவாசலைத் தாண்டவில்லை. தறி மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்க வேண்டுமென்றால் சுவரைப் பிடிக்க வேண்டும், என் மாமியாரைத் திட்ட வேண்டும், இரண்டும் செய்தால்தான் எழுவார்.

கோயில் தர்மகர்த்தா தணிகாசலம் வீட்டுக்கு வந்து சொன்னார். "வீராசாமி அண்ணே, அடுத்த வருசம் உம்ம புள்ளை வந்து நிக்கட்டும். ஒரே தடவைல எழுந்தான்னா தோள் உங்க ஊட்டுது. எழலைன்னா வேணுகோபாலுக்குப் பூடும். போனா போனதுதான், அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

வேணுகோபால் யார்? என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. கெட்டவர் இல்லை. ஆனால் அந்தத் தோள்மேல் அவருக்குக் கண் உண்டு, இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

சரி, என் வீட்டுக்காரர் அப்போது எப்படி இருப்பார் தெரியுமா? கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி, காற்றடித்தால் ஆடுவார்! காலையில் ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீ, வாயில் எந்நேரமும் வெற்றிலை, சாப்பாடு எத்தனை மணிக்கென்று பிள்ளையாருக்கே தெரியாது. தர்மகர்த்தா போனதும் என் மாமியார் மணியம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்தாள். "கலியாணம், பெருச்சாளி உன்ன தூக்கிக்கினு போவும்டா" என்றாள்.

ரோஷம் வந்துவிட்டது மனுஷருக்கு! தீபாவளி கழிந்த மறுநாளே ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தகரக் கொட்டகையில் அந்தோணி நடத்திக்கொண்டிருந்த தேகப்பயிற்சி சாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தோணிக்கு இவர் வயசுதான் இருக்கும், ஆனால் ஊரே வஸ்தாது என்று கூப்பிடும். கொட்டகையில் நாலைந்து கர்லாக்கட்டை, ஒரு இரும்புத் தடி, தண்டால் எடுக்க மணல் பரப்பிய தரை, சுவரில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூடிப்போன சலூனிலிருந்து வாங்கிவந்தது. நின்று பார்த்தால் இடுப்பு வரைக்கும்தான் தெரியும்.

வஸ்தாது முதலில் முட்டை சாப்பிடச் சொன்னாராம். இவர் வந்து வீட்டில் சொன்னதும் மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சிவ சிவா, மொதல்ல அந்த ஆள தலை முழுவிட்டு வா" என்றாள். மறுநாள் வஸ்தாது, "முட்டை வாணாம்னா கடலை தின்னுபா, யார் வாணாம்னாங்கோ?" என்று சொல்லி அனுப்பினார். ராத்திரியே கறுப்புக் கொண்டைக்கடலை ஊறப்போட்டேன். பச்சைப்பயறு முளைகட்டினேன். அரிசி கிடைக்காமல் ஊரே அல்லாடிய காலம் அது. கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும்தான் மத்தியானத்துக்கு. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். டீ போச்சு, வெற்றிலை போச்சு. கோழி அடைகிற நேரத்துக்கு மனுஷர் பாயில் விழுந்தார். விடிந்தால் தண்டால்.

பொங்கல் வருவதற்குள் என்ன மாற்றம் என்கிறீர்கள்! சட்டைக் கை இறுகியது. மாசி மாசம் ஒரு சட்டை தோளில் பட்டென்று பிய்ந்தது. தைக்க விடாமல் அப்படியே போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு நடை போய்விட்டு வந்தார். தறியில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகப் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். நெஞ்சு அகலம், புஜம் உருண்டை, கழுத்து கெட்டி. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ராத்திரி விளக்கைத் தூண்டிவிட்டுக்கூட ஒருதரம் பார்த்தேன்.

ஆனால் கரைக்குத் தனி நூல் ஓட்டி உடலோடு கோக்கிற கோர்வைச் சேலைக்கு, தறியில் அவர் இடது பக்கம் உட்கார்ந்து கரை நூல் நாடாவை விடுகிறவள் நான். தறிக்காரனை ஊரார் இடுப்புக்கு மேலேதான் பார்ப்பார்கள். கீழே, காலை இறக்கி மிதிக்கிற தறிக் குழிக்குள் என்ன தொங்குகிறது என்று பக்கத்தில் உட்காருகிறவளுக்குத்தான் தெரியும். மேலே ராஜா, கீழே கொக்கு!

"ஏங்க, கையி மட்டும் ஊதிக்கினே போவுது. காலு அப்படியே கீதே?" என்றேன்.

"நாள் பூரா தறி மிதிக்கட்டைய மிதிக்கிற காலுடி இது. இதுக்குத் தனியா கசரத்து வேணுமா?"

"வஸ்தாது இன்னா சொல்றாரு?"

"அவருக்கு இன்னா தெரியும், அவரு தறியில குந்தினவரா?"

மாமியார் வேறு ஒத்து ஊதினாள். "தொடை பருத்தா மிதி கனக்கும்டி. மிதி கனத்தா பாவு நூலு அறும். கால அப்படியே விட்டுடு கலியாணம்." எங்கள் தெருவில் எல்லாருமே இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வாயை மூடிக்கொள்வது சுலபமான காரியம் இல்லை.

சித்திரை மாசம் தர்மகர்த்தா ஒத்திகை வைத்தார். சாமிக்குப் பதிலாக வாகனத்தின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். இவர் சட்டையைக் கழற்றியதும் கூட்டத்தில் ஒரே சீட்டி! தலைத்தோள் இடத்தில் போய்க் குந்தினார். மணி அடித்தது. "பிள்ளையாரப்பா!" என்று எல்லாரும் கத்தினார்கள். இவர் அரை அடி எழுந்தார். முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடியது. முகம் சிவந்தது, நெஞ்சு புடைத்தது, எழ மட்டும் முடியவில்லை. அப்படியே முன்பக்கமாய்ச் சாய்ந்து கையை ஊன்றிவிட்டார். மேலிருந்த மூட்டை சரிந்து மணலெல்லாம் அவர் தலையில் கொட்டியது.

வேணுகோபால் பக்கத்தில் வந்து கை கொடுத்துத் தூக்கினார். தூக்கியவர் சும்மா போயிருக்கலாம் இல்லையா? "தம்பி, மேல்மாடி ஜோரா கட்டிக்கீறே. அஸ்திவாரம் எங்கப்பா?" என்றார். தெருவே சிரித்தது. இவர் தலையில் மணலோடு வீட்டுக்குள் வந்தார். நாற்காலியில் இருந்த மாமனார் அந்த மணலைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் காலையில் இவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வஸ்தாது கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். பொம்பளை வாசலில் நிற்கிறாளே என்று கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் துண்டைத் தேடினார்கள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"அண்ணே, காலுக்கு நீங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியா?" என்றேன்.

அந்தோணிக்குக் கோபம் வந்துவிட்டது. "மொத நாளே சொன்னேன் தங்கச்சி! தண்டால் எவ்ளோ எடுக்கறியோ அவ்ளோ பஸ்கியும் போடணும், குந்தி எழுந்திரிக்கணும்னு. கேட்டானா உன் ஊட்டுக்காரன்? அந்தக் கண்ணாடி எதிர்ல நின்னுக்கினு கைய முறுக்கிக்கினு இருந்தான். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் பூடல. ஆவணிக்கு நாள் கீது. தோள்ல பாரம் வச்சு பஸ்கி போடச் சொல்லு. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ஒரு நாள் போட்டா மறுநாள் விட்டுடணும், வெறி புடிச்ச மாதிரி தெனம் போடக் கூடாது. கசரத்து பண்ணும்போது சதை வளராது தங்கச்சி, தின்னுட்டுத் தூங்கும்போதுதான் வளரும்."

தோளில் பாரத்துக்கு எங்கே போவது? புழக்கடையில் மணல் மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டார். அது ஒரு பக்கமாக வழுக்கி விழுந்து துளசிச் செடியை நசுக்கியது. இன்னொரு தரமும் விழுந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நவுருங்க, குந்துங்க கீழே" என்றேன். அவர் புரியாமல் குந்தினார். கிணற்றுச் சுவர்மேல் ஏறி அவர் தோளில் உட்கார்ந்துவிட்டேன்!

"அடியே, இன்னாடி இது?"

"மூட்டை வழுக்கும். நான் வழுக்க மாட்டேன். எழுந்திருங்க."

எழுந்தார், கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் தோளில் உட்கார்ந்ததில் ஒரு விஷயம் எனக்குப் பளிச்சென்று தெரிந்துபோனது. ஒவ்வொரு தடவை எழும்போதும் நான் முன்னால் கவிழ்கிறேன்! ஏன் கவிழ்கிறேன்? குனிந்து பார்த்தால் அவர் குதிகால் தரையைவிட்டு எழும்புகிறது. விரல் நுனியில் நின்று எழப் பார்க்கிறார்.

மறுநாள் தறியில் உட்கார்ந்து குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மிதியை மிதிப்பது விரலால்தான்! பூப்போல விரலால் அழுத்தி விட்டுவிடுவார். குதிகாலுக்கு அங்கே வேலையே கிடையாது. பத்து வயசிலிருந்து விரலாலேயே மிதித்த கால், தண்டுக்கடியில் போய்க் குந்தினாலும் பழக்கத்தில் விரலைத்தான் ஊன்றுகிறது. ஒத்திகையில் முன்னால் கவிழ்ந்தாரே, அதே கவிழ்தல்தான் இது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையிலிருந்த நாடாவை அப்படியே வைத்துவிட்டு, "ஏங்க, குதிகாலுங்க! குதிகாலு!" என்று கத்தினேன். மாமனார் நாற்காலியில் திடுக்கிட்டு விழித்தார்.

அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் புழக்கடையில் கச்சேரிதான். அவர் குந்துவார், நான் ஏறுவேன். குதிகால் எழும்பினால் அவர் உச்சி மயிரைப் பிடித்து ஒரு இழு! முழங்கால் உள்பக்கம் மடங்கினால் காதில் ஒரு திருகு! வைகாசியில் கிணற்றுச் சுவரை விட்டார். ஆனியில் நான் மடியில் பித்தளைக் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு. அப்புறம் வாரத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் கூட ஊற்றினேன். அவர் ஆடாமல் எழுந்தால் தண்ணீர் அலம்பாது. ஆடினால் அவர் தலையும் நனையும், என் புடவையும் நனையும். எத்தனை புடவை நனைந்தது என்கிறீர்கள்! ஊறவைத்த கடலையில் பாதியை நான் தின்றேன். பாரம் கூட வேண்டாமா பின்னே?

ஒருநாள் குடம் கனத்து, பாதியில் திணறிக்கொண்டு நின்றார். "ஏங்க, எழுந்திருங்க! ஏங்க!" என்று நான் மேலிருந்து கத்தினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏங்க ஏங்கன்னா எவனைக் கூப்புடறேன்னு எனக்கு எப்படிடி தெரியும்? பேரைச் சொல்லிக் கூப்புடு, ஒதைச்சுக்கினு எழுந்திரிக்கிறேன்" என்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "வாய அலம்புங்க மொதல்ல" என்றேன். அதே நேரம் பார்த்து மாமியார் வாளியோடு கிணற்றடிக்கு வந்தாள்.

மகன் தோளில் மருமகள், மருமகள் மடியில் குடம். வாளி கீழே விழுந்தது.

"அடக் கர்மமே! புருசன் தோள்மேல குந்திக்கினு ஒருத்தியா! ஏண்டி நீலாம்பா, உனக்கு வாகனம் வேணுமாடி? பெருச்சாளி போதலியா உனக்கு?"

"அத்தே, தோளு போனா போனதுதான்னு தர்மகர்த்தா சொன்னாரே, மறந்துட்டீங்களா? மாமா மூஞ்சியப் பாத்தீங்களா நீங்க?" என்றேன் மேலிருந்தபடியே. இறங்கிவிட்டுத்தான் பேசியிருக்க வேண்டும். கோபத்தில் தோன்றவில்லை.

மாமியார் வாளியை எடுத்துக்கொண்டு, "பாத்துடி, இடுப்பு கிடுப்பு சுளுக்கிக்கப் போவுது அவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து நாங்கள் புழக்கடையில் இருக்கிற நேரத்தில் யாராவது வந்தால், வாசலிலேயே நிறுத்தி ஊர்க்கதை பேசி அனுப்புவது அவள் வேலையாகிவிட்டது.

ஆடியில் ஒரு தொல்லை வந்தது. தறியில் பாவு அறுந்தது! ஒரு இழை இல்லை, கொத்தாக. மாமியார் "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்தாள். குழிக்குள் பார்த்தேன். குதிகாலால் மிதித்துக்கொண்டிருக்கிறார் மனுஷர்! "தறியில வெரலு, தண்டுல குதிகாலு! மாத்திப் போடாதீங்க!" என்று நாளெல்லாம் கத்தி, பாவில் இழை முடிந்து முடிந்து என் விரல் வீங்கியது. தொடை பருத்ததால் பாவு அறவில்லை என்று எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆடி முடியும்போது தறியும் சரியாகிவிட்டது. அவர் தொடையோ, கட்டிய வேட்டி இறுகுகிற மாதிரி ஆகியிருந்தது. நாற்காலியிலிருந்து மாமனார் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சதுர்த்தியும் வந்தது! காலையில் மழை தூறி, சாயந்திரம் விட்டிருந்தது. தெருவெல்லாம் கோலம், தோரணம், கூட்டம். கோயில் வாசலுக்குப் போனவள் வாகனத்தைப் பார்த்ததும் அதிர்ந்துபோனேன். அந்த வருஷம் தர்மகர்த்தா புதுசாக சீரியல் லைட் போட்டிருந்தார். பெருச்சாளி வாலிலிருந்து பிள்ளையார் தலை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டுகிறது. எரிய வைக்க லாரி பேட்டரி இரண்டு, பெருச்சாளி கழுத்தடியில் கட்டியிருக்கிறார்கள்! முன்பக்கத்தில்! தலைத்தோளுக்கு நேர் மேலே!

"தணிகாசலம் மாமா, ஒத்திகையில இது இல்லியே!" என்றேன்.

"லைட்டு வேணும்னு தெரு முழுக்கக் கேட்டுச்சேமா" என்று அவர் மணியைத் துடைத்தார்.

இவர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்டுக்கடியில் போய்க் குந்தினார். நேர் பின்னால் வேணுகோபால். மாமியார் என் பக்கத்தில் நின்று என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் வரவில்லை. எவ்வளவு கெஞ்சியும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

மணி அடித்தது. "பிள்ளையாரப்பா!" என்று தெரு இடிகிற மாதிரி சத்தம். எழுந்தார்! ஒரு அடி எழுந்தார், பாதி எழுந்தார். அங்கேயே நின்றுவிட்டது. தண்டு நுனி அவர் பக்கம் தாழ்ந்தது. பின்னால் இருந்தவர்கள் "எழு, எழு" என்று கத்துகிறார்கள். பன்னிரண்டு பேருடைய பெண்டாட்டிகளும் பெண்கள் பக்கத்தில் நிற்கிறோம், "ஏங்க! ஏங்க!" என்று எல்லாரும் சேர்ந்து கத்துகிறோம். யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பிள்ளையாருக்கே தெரியாது. நான் அவர் காலைப் பார்த்தேன். ஐயோ! ஈரத் தரையில் வலது குதிகால் எழும்பிவிட்டது! விரலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்! இன்னும் ஒரு நொடி போனால் கவிழ்வார்.

"ஏங்க, குதிகாலு!" என்று கத்தினேன். கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். கேட்கவில்லை. வேணுகோபால் முன்னால் வரக் காலை எடுத்து வைத்தார். ஆயுசாவது ஒன்றாவது! அந்த மனுஷர் மறுபடி மண்ணில் கவிழ்ந்தால் அப்புறம் ஆயுசு இருந்து என்ன செய்ய?

"கலியாணசுந்தரம்!" என்றேன். என் தொண்டையா அது! "ஏய் கலியாணசுந்தரம்! குதிகாலை ஊணு! எழுந்திரு!"

கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அந்த நிசப்தத்தில் அவர் குதிகால் தரையில் பதிந்ததை நான் பார்த்தேன். முழங்கால் வெளிப்பக்கம் திரும்பியது. முதுகு நிமிர்ந்தது. எழுந்தார் பாருங்கள், பெருச்சாளியும் பிள்ளையாரும் லாரி பேட்டரியும் எல்லாமாக, ஆடாமல் அசையாமல் மேலே வந்தது! பன்னிரண்டு தோளும் ஒன்றாய் நின்றது. தெரு வெடித்தது! மேளம் பிய்த்துக்கொண்டது! வேணுகோபால் எடுத்து வைத்த காலைப் பின்னால் வாங்கிக்கொண்டு, "நடறா தம்பி, நட!" என்று கத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, என்ன செய்துவிட்டேன் என்று. சுற்றிலும் பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். மாமியார் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவளோ என் கையை இன்னும் விடாமல், "சொன்னியேடி, சொல்லிட்டியேடி!" என்று அதையே சொல்லிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு வாகனத்துக்கு முன்னால் ஓடினாள்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாகனம் நிற்கும், கற்பூரம் காட்டுவார்கள், நகரும். எங்கள் வீட்டு வாசல் வந்தது. நான் கற்பூரம் ஏற்றினேன். தீபாராதனை முடிந்தது. தர்மகர்த்தா "போலாம்பா" என்றார். தலைத்தோள் நகரவில்லை.

"இன்னா கலியாணம், தோளு வலிக்குதா?"

"வலி இல்ல. அப்பா வந்து பாக்கட்டும், நவுர்றேன்" என்றார் இவர். கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது, வியர்வை கண்ணில் ஓடுகிறது, குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருக்கிறது.

திறந்த கதவு வழியாக நாற்காலி தெரிந்தது. மாமனார் இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றிக்கொண்டு பார்த்தார், முடியவில்லை என்று தலையை ஆட்டினார். முழங்கால் முடியவில்லையா, தெருவைப் பார்க்க முடியவில்லையா, அவருக்குத்தான் தெரியும். பதினோரு தோள்கள் முனக ஆரம்பித்தன. தர்மகர்த்தா தவித்தார். நான் உள்ளே ஓடப் போனேன்.

மாமியார் என்னைத் தள்ளிக்கொண்டு வாசல்படிக்குப் போனாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷரை 'இந்தாய்யா' என்றும், கோபம் வந்தால் 'யோவ்' என்றும் தவிர வேறெப்படியும் கூப்பிடாதவள்.

"வீராசாமி!" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, தெருவே கேட்க, "யோவ் வீராசாமி! குதிகாலை ஊணி எழுந்து வாய்யா! உம் புள்ளை நிக்கிறான் பாரு!"

மாமனார் வாயைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தார். அப்புறம், சுவரைப் பிடிக்காமல், யாரையும் திட்டாமல், எழுந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து வாசல்படிக்கு வந்து, மாமியார் தோளில் கையை வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்தார். நெஞ்சைப் பார்க்கவில்லை, புஜத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார்.

"இன்னாடி, பேரச் சொல்லிட்டே?" என்றார் மாமியாரிடம்.

"ஆமா, சொல்லிட்டேன். இன்னா இப்போ?"

அவர் சிரித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தார். அதைப் பார்த்து என் வீட்டுக்காரரும் தண்டுக்கடியில் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் தண்டு குலுங்கி, பெருச்சாளி குலுங்கி, பிள்ளையாரின் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் ஆடின. "டேய், சிரிக்காத நட, பேட்டரி விழப் போவுது!" என்று தர்மகர்த்தா கத்தினார். என் வீட்டுக்காரர் நடந்தார். மாமனார் வாசல்படியை விட்டுத் தெருவில் இறங்கி, வாகனத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தார்.